மெஷினுக்கு வீடு தெரியவில்லை

கடகடகடகடகட!

பின்னறையிலிருந்து கிளம்பிய சத்தத்தில் மாமியாரின் கையிலிருந்த டம்ளர் குலுங்கி, பாதி டீ மடியில் கொட்டியது. கியர் விழாத லாரியை யாரோ வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

"ஐயையோ, ஆரம்பிச்சாச்சா!" குளியலறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "அதை நிறுத்துங்களேன்! பக்கத்து வீட்டுக்காரங்க நாம ஏதோ பாலம் கட்டறோம்னு நினைச்சுக்கப் போறாங்க!"

மாமியார் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பின்னறைக்கு ஓடினார். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்புரை ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஆனால் அப்படி ஒரு சத்தம் கேட்டால் டாக்டரே ஓடியிருப்பார்.

அறையில் மாப்பிள்ளை சிவப்புப் பொத்தானை அழுத்தியபடி நின்றிருந்தார். சத்தம் நின்றுவிட்டது. அவர் முன்னால், கேரம் போர்டைவிடக் கொஞ்சம் பெரிய மேசை. மேசைக்குக் குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் தொங்கும் ஒரு சின்ன மோட்டார், அதன் நுனியில் மரத்தைச் செதுக்கும் கத்தி. கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் கத்தி அதே கோட்டில் ஓடி மரத்தில் அதைச் செதுக்கிவிடும். சி.என்.சி. மெஷின் என்பார் மாப்பிள்ளை. 'அந்தச் சனியன்' என்பாள் மகள். போக்குவரத்து அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற மனிதர், மாலை நேரங்களில் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்துத் தானே கட்டிய மெஷின் அது. இதுவரை அது பெரும்பாலும் சாவி மாட்டும் கட்டைகளைத்தான் செதுக்கியிருக்கிறது. அந்த வீட்டில் சாவிகளைவிட சாவி மாட்டும் கட்டைகள் அதிகம்.

"பயந்துட்டீங்களா அத்தை?"

"எனக்கென்ன பயம்? டீதான் பயந்து கொட்டிடுச்சு. என்ன ஆச்சு இதுக்கு?"

மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் தலையில் துண்டோடு மகள் வந்து நின்றாள். வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். மரத்தூள் இருக்கும் அறைக்குள் கால் வைப்பதில்லை என்பது அவள் கொள்கை.

"இந்த வாரத்துல இது எத்தனாவது தடவைங்க? வேணாம், நீங்க எண்ணிச் சொல்ல வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன். பேர்ப் பலகை செய்யற போர்டு கடைக்காரர் இதை விலைக்குக் கேட்டார், ஞாயித்துக்கிழமை காலையில வரச்சொல்லியிருக்கேன். அவர் முன்னாடி ஒழுங்கா ஓடுச்சுன்னா இங்கேயே இருக்கட்டும், நான் வாயே திறக்கலை. இதே மாதிரி கத்துச்சுன்னா அவர் வண்டியில ஏத்தி விட்டுடுங்க. இந்த ரூமை அம்மாவுக்குக் குடுத்துடலாம். எத்தனை நாளைக்குத்தான் அவங்க சோபாவுல சுருண்டு படுப்பாங்க?"

மாப்பிள்ளை மெஷினைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"சரி," என்றார்.

அவ்வளவுதான். மாமியாருக்கு அந்த 'சரி' என்னவோ போல இருந்தது. பெண் பார்க்க வந்த அன்றும் இந்த மனிதர் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் 'சரி' என்றார். 'இந்த ஆளுக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்லை சும்மா வரைஞ்சு வச்சிருக்கா?' என்று அப்போது சமையலறையில் வைத்து மகளிடம் கேட்டார். அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள அதற்குப் பிறகும் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மகள் மருந்துக்கடையைத் திறக்கக் கிளம்பிப் போனாள். மாமியார் துடைக்கும் துணியோடு பின்னறையிலேயே நின்றார். மடியில் கொட்டிய டீயைத் துடைப்பது ஒரு சாக்கு. மாப்பிள்ளை என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க வேண்டும். மெஷினை உதைப்பார் என்று எதிர்பார்த்தார். உதைக்கவில்லை. மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, எதையும் தொடாமல், சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தி வழுக்கினால் கத்தியை வீசியெறியும் டாக்டரைப் பார்த்திருக்கிறார். நர்ஸை முறைக்கும் டாக்டரைப் பார்த்திருக்கிறார். தப்பு நடந்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு, முதலில் பார்ப்போம் என்று நிற்கிற டாக்டர்கள் மிகச் சிலர்தான். அவர்களுடைய தியேட்டரில் டியூட்டி கேட்டு நர்ஸ்கள் சண்டை போடுவார்கள்.

"நோய் என்னன்னு கேட்டேனே, சொல்லலையே," என்றார்.

மாப்பிள்ளை ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். அந்த வீட்டில் யாரும் அவரிடம் அதை இரண்டு தடவை கேட்டதில்லை.

"கரண்டைப் போட்டதும் இதுக்கு தான் எங்க இருக்கோம்னே தெரியாது அத்தை. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. அதனால முதல்ல மெதுவா நகர்ந்து இந்த மூலைக்கு வரும். இங்க ஒரு ஸ்விட்ச் இருக்கு பாருங்க, அதைத் தொட்டதும் 'ஓ, வீடு வந்துடுச்சு'ன்னு நின்னுடும். அங்கிருந்துதான் எல்லா அளவும். இப்ப என்னடான்னா வீட்டுக்கு வந்தும் வந்தது தெரியாம சுவத்துல போய் முட்டிக்கிட்டே இருக்கு."

அவர் காட்டிய ஸ்விட்ச் சுண்டு விரல் அளவுகூட இல்லை. 'ப' எழுத்து மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. ப-வின் ஒரு காலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி கிளம்பும். மறு காலில் அதைப் பார்க்கிற கண் இருக்கும். பாலத்தில் ஒட்டியிருக்கும் தகடு நடுவில் நுழைந்து ஒளியை மறைத்தால் கண் இருண்டுவிடும், ஸ்விட்ச்சின் முதுகில் சிவப்பு விளக்கு எரியும். வீடு வந்துவிட்டது.

"முன்னாடி டிக்குன்னு அழுத்தற ஸ்விட்ச்தான் வச்சிருந்தேன். மரத்தூள் உள்ள போய் அடைச்சுக்கிச்சு. இதுல அடைக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னு போன மாசம் மாத்தினேன். நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. இதுல வேடிக்கை என்னன்னா, சாயங்காலம் போட்டா அடங்கி ஒடுங்கி வேலை செய்யுது. காலையிலதான் இந்த ஆட்டம்."

"என் வார்டுல ஒரு பேஷன்ட் இப்படித்தான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மட்டும் சுகமாயிடுவான்."

மாப்பிள்ளை சிரித்தார். மாமியார் அந்தச் சிரிப்பை முதல் தடவையாகப் பார்த்தார். புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருந்தது. இத்தனை நாள் அது நரை என்று நினைத்திருந்தார்.

அன்று மாலை வேலையிலிருந்து திரும்பியதும் மாப்பிள்ளை சட்டையைக்கூட மாற்றாமல் பின்னறைக்குப் போனார். மாமியாரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். மெஷினுக்கு இரண்டு ஸ்விட்ச்சுகள். கோளாறு கொடுப்பது ஜன்னல் பக்க மூலையில் இருப்பது. இன்னொன்று கதவுப் பக்கம், அதில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பொருத்தினார். வேறு எதிலும் கை வைக்கவில்லை.

"வயரையும் மாத்திட வேண்டியதுதானே? ஒரே வேலையாப் போயிடும்," என்றார் மாமியார்.

"ரெண்டையும் மாத்தி, சரியாயிடுச்சுன்னு வைங்க. எதனால சரியாச்சுன்னு தெரியாதே அத்தை. அப்புறம் அது மறுபடி வந்தா?"

ஐந்து மருந்தை ஒன்றாக எழுதிக் கொடுத்துவிட்டு, எதில் குணமானது என்று தெரியாமல் ஐந்தையும் ஆயுசுக்கும் தொடரச் சொல்கிற டாக்டர்கள் மாமியாரின் நினைவுக்கு வந்தார்கள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே மெஷினைப் போட்டார். 'கட' என்று ஒரே ஒரு சத்தம். பொத்தானை அழுத்திவிட்டார். மறுபடியும் ஜன்னல் பக்க மூலைதான்.

"ஸ்விட்ச் மேல தப்பில்லை," என்றார், யாருக்கோ விடுதலை வாங்கிக் கொடுத்த வக்கீல் மாதிரி. அன்று மாலை வயரை மாற்றினார். அடுத்த காலையில் வயரும் விடுதலையானது. எந்த ஸ்விட்ச்சை வைத்தாலும், எந்த வயரைப் போட்டாலும் கோளாறு அந்த மூலையை விட்டு நகரவில்லை.

"அப்ப இடத்துக்குத்தான் ஏதோ ஆகியிருக்கு," என்றார் மாமியார்.

"கரெக்ட் அத்தை! இடமும் நேரமும். காலையில இந்த வீட்டுல ஓடுற எது சாயங்காலம் ஓடாது?"

இருவரும் ஒரே நேரத்தில் சமையலறையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை நடந்த கூத்தை அந்தத் தெரு மறக்காது. சில மோட்டார்கள் ஓடும்போது பக்கத்து வயர்களில் கலாட்டா பண்ணும், ஸ்விட்ச்சின் பேச்சை மெஷினுக்குக் கேட்கவிடாது என்று மாப்பிள்ளை விளக்கியிருந்தார். ஆகவே மாமியார் சமையலறையில், மாப்பிள்ளை பின்னறையில்.

"அத்தை, மிக்ஸி!"

விர்ர்ர்ர்.

"நிறுத்துங்க! வாஷிங் மெஷின்!"

தடதடதட.

"ரெண்டும் சேர்த்து!"

வெறும் மிக்ஸியும் காலி வாஷிங் மெஷினும் சேர்ந்து அலறிக்கொண்டிருந்தபோது மகள் கடையிலிருந்து திரும்பினாள். ஹாலில் அம்மா ஹேர் டிரையரைத் துப்பாக்கி மாதிரி கையில் பிடித்துக்கொண்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்.

"அம்மா! உனக்கு என்ன ஆச்சு?"

"சும்மா இரு. நாங்க வேலையா இருக்கோம்."

"நாங்களா?" என்று கேட்டுவிட்டு மகள் சோபாவில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது.

மிக்ஸியும் குற்றவாளி இல்லை. எல்லாம் ஒன்றாக ஓடியபோதும் மெஷின் அழகாக மூலைக்கு வந்து நின்றது. மாப்பிள்ளை சோர்ந்துவிடுவார் என்று மாமியார் எதிர்பார்த்தார். அவரோ, "ஒண்ணு கழிஞ்சுது," என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார். மாமியார் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு பகல்தான் இருக்கிறது. தோற்கும்போதுகூட இந்த மனிதர் ஏதோ ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டுதான் போகிறார். இந்த ஆளையா வாயில்லாதவர் என்றோம்?

சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு விடுமுறை. காலை வெயில் ஏறியிருந்தது. இன்று அவர் மெஷினை ஓட்டவில்லை. ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, ஜன்னல் பக்க ஸ்விட்ச்சின் இரண்டு கால்களுக்கு நடுவில் செருகினார். சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. எடுத்தார், செருகினார். எரியவில்லை. நேற்று மாலை இதே கார்டுக்கு எரிந்த விளக்கு.

மாமியார் நன்றாகப் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார்.

விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தி நிமிர்ந்தார். அணைந்துவிட்டது.

மாப்பிள்ளை அசையவில்லை. கார்டு அப்படியே இருந்தது. "அத்தை," என்றார் மெதுவாக, "இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை மாப்பிள்ளை. சத்தியமா தொடலை. குனிஞ்சேன், அவ்வளவுதான்."

"மறுபடி குனியுங்க."

குனிந்தார். எரிந்தது. நிமிர்ந்தார். அணைந்தது. அவருடைய நிழல் ஸ்விட்ச்சின் மேல் விழுந்து விழுந்து எழுந்தது. மாப்பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காக மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவுதான், ஜன்னல் வழியாக வந்த வெயில் கண்ணில் அறைந்தது. எதிரே நின்ற மாப்பிள்ளை காணாமல் போனார். மெஷின் இல்லை, அறை இல்லை, எங்கும் வெறும் வெள்ளை.

"கண் கூசுது!" என்றார் மாமியார்.

"அதேதான் அத்தை! அதுக்கும் கண் கூசுது! தகடு வந்து மறைச்சாலும் அதுக்குத் தெரியலை, வெயில் நேராக் கண்ணுல விழுது. சாயங்காலம் இந்தப் பக்கம் வெயில் கிடையாது. அதான் ஒழுங்கா ஓடியிருக்கு!" அவர் குரலில் இத்தனை சந்தோஷத்தை மாமியார் கேட்டதில்லை. "ஆனா போன மாசமும் இதே வெயில் அடிச்சிருக்கும். அப்ப ஏன் வரலை?"

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஜன்னல் கண்ணாடிகளில் முன்பு குடியிருந்தவர்கள் பழைய செய்தித்தாளை ஒட்டி வைத்திருந்தார்கள். பழுப்பேறி, மரத்தூள் படிந்து, அறையே எப்போதும் சாயங்காலம் மாதிரி இருக்கும். கண் கட்டுப் பிரித்த மறுநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, மாமியார் அதைப் பார்த்தார். புதுக் கண்ணுக்கு வீடு முழுக்க அழுக்காகத் தெரிந்த நேரம். குனியக்கூடாது, தூசி ஆகாது, ஈரம் படக்கூடாது என்று மகள் மருந்துச் சீட்டு மாதிரி மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய கத்தியும் எடுத்துக்கொண்டு போய் மொத்தக் காகிதத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார். கடைசித் துண்டை உரித்தபோது வெளியே ஒரு மரம் தெரிந்தது. பல வருஷமாக அவருக்கு மரம் என்றால் ஒரு பச்சைப் பொதி. அன்று அதில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாக ஆடியது. "அடேயப்பா, இலை இலையா இருக்கே!" என்று வாய்விட்டே சொல்லி, பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்தார். பிறகு தடயத்தை மறைத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தாழ்ப்பாள் போட மறந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இப்போது சொல்லிவிட வேண்டியதுதான். "மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார்.

"என்ன இங்க ஒரே கும்மாளம்?" வாசல்படியில் மகள்.

மாப்பிள்ளை ஒரு கணம் ஜன்னலைப் பார்த்தார். பளபளக்கும் கண்ணாடியை, ஓரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த காகிதப் பிசிறை, பிறகு மாமியாரை.

"கண்டுபிடிச்சாச்சு," என்றார். "ஸ்விட்ச்சை வெயில் விழற இடத்துல வச்சிருக்கேன். என் தப்புதான்."

"அதானே பார்த்தேன்," என்றாள் மகள். பிறகு அவள் கண்ணும் ஜன்னலுக்குப் போனது. "பரவாயில்லையே! ஜன்னலைக்கூடத் தொடைச்சிருக்கீங்க! கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்த வீட்டுல நீங்க தொடைச்ச முதல் பொருள் இதுதான்!"

"ம்," என்றார் மாப்பிள்ளை.

மகள் போய்விட்டாள். மாமியார் திகைத்து நின்றார். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்துதான் அந்த 'ம்'மா, இல்லை வழக்கமான 'ம்'மா? கேட்டால், தெரியாவிட்டாலும் தெரிந்துவிடும். பேசாமல் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"இந்தாங்க. எனக்கு இன்னொண்ணு இருக்கு. இதை உடைச்சு அதுக்கு மாட்டி விடுங்க."

மாப்பிள்ளை அதை வாங்கி ஸ்விட்ச்சுக்கு மேல் பிடித்துப் பார்த்தார். விளக்கு மினுக்கியது, நிலைக்கவில்லை. "நம்ம கண்ணுக்குத்தான் இது கறுப்பு அத்தை. இது பார்க்கற வெளிச்சமே வேற, இந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள பூந்து வந்துடுது. கெட்டியா மரத்துல ஒரு மூடி செதுக்கிடலாம். ஆனா செதுக்கணும்னா முதல்ல மெஷின் வீட்டுக்கு வரணும்..."

"அதுக்கு நிழல் வேணும்," என்றார் மாமியார். மேற்கொண்டு யாரும் சொல்லாமல் போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பாலம் மெதுவாக நகர்ந்து வந்தது. தகடு நுழைந்தது. சிவப்பு விளக்கு. நின்றது. பிறகு கத்தி இறங்கி, ஒரு துண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் குடைய ஆரம்பித்தது. தன் கண்ணுக்குத் தானே மூடி செய்துகொள்ளும் மெஷினை மாமியார் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அதைவிட அதிகமாக, குனிந்து நின்று அதன் ஒவ்வொரு அசைவையும் காதால் கவனித்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். மூடி முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"அத்தை! நீங்க இன்னுமா நிக்கறீங்க? அது வீட்டுக்கு வர்ற வரைக்கும் நின்னாப் போதுமே!"

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றார் மாமியார், காலை உதறிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்டு கடைக்காரர் வந்தார். இடுப்பில் அளவு டேப், பெரிய தொப்பை, பெரிய குரல். அவர் வண்டி வாசலில் நின்றது. வெயில் பளீரென்று அறைக்குள் விழுந்திருந்தது. மகள் முதல் தடவையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க, போடுங்க சார். பாட்டுப் பாடுதா, அழுவுதான்னு பார்த்துடுவோம்."

மாப்பிள்ளை பச்சைப் பொத்தானை அழுத்தினார். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாலம் நகர்ந்து மூலைக்கு வந்தது. தகடு மர மூடிக்குள் நுழைந்தது. சத்தமே இல்லாமல் நின்று, கொஞ்சம் பின்வாங்கி, உறுதி செய்துகொள்வது போல மறுபடி வந்து தொட்டு நின்றது.

"இன்னொரு தடவை," என்றார் போர்டு கடைக்காரர். நின்றது. "அணைச்சுட்டுப் போடுங்க." நின்றது. நடுவில் தள்ளிவிட்டு, ஓரத்தில் தள்ளிவிட்டு, அவரே பொத்தானை அழுத்தி எல்லாம் பார்த்தார். எங்கே விட்டாலும் மெஷின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மகள் பெருமூச்சு விட்டாள். "சொன்னா சொன்னதுதான். இருந்துட்டுப் போகட்டும். ஆனா அம்மாவுக்கு ரூம்?"

"எனக்கு ரூம் வேணும்னு நான் எப்ப கேட்டேன்?" என்றார் மாமியார். "ஹால்ல இருந்தா நாலு பேர் போறதையும் வர்றதையும் பார்க்கலாம். ஒரு நல்ல கட்டிலா வாங்கி அங்க போடு. சோபாதான் என் முதுகை உடைக்குது, ஹால் இல்லை."

மகள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மாமியார் தட்டில் டீயை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பின்னறைக்குள் போர்டு கடைக்காரரின் குரல் கேட்டது. "இத்தனை பாடு எதுக்கு சார்? மூடி செதுக்கி, அதுக்கு அளவெடுத்து... ஜன்னல்ல ரெண்டு பேப்பரை ஒட்டினா வேலை முடிஞ்சுதே!"

மாமியார் கதவோரம் அப்படியே நின்றார்.

"ஒட்டித்தாங்க இருந்துச்சு," என்றது மாப்பிள்ளையின் தாழ்ந்த குரல். "அத்தை அதைச் சுரண்டி எடுத்துட்டு, 'இலை இலையா இருக்கே'ன்னு தனியா நின்னு சிரிச்சதை, குடையை மறந்துட்டுத் திரும்பி வந்த நான் பார்த்துட்டேன், அப்புறம் எப்படிங்க மறுபடி பேப்பர் ஒட்டறது?"